தேதிக்கு வந்த ஆள்

(பசுவந்தனையில், கடைக்காரர்களும் சம்சாரிகளும் கூடியிருந்த ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வியாபாரத்தில் வாக்குத் தவறாமை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் வள்ளுவரில் தொடங்குவது மேடை வழக்கம். வாணிகம் பற்றிய குறளைப் பின்வரிசையில் இருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் மிதுக்கு வத்தலில் தொடங்குகிறேன்.

என் தாத்தா மானாவாரிச் சம்சாரி. கம்பு, உளுந்து, பருத்தி. விதைக்கும் உழவுக்கும் கோவில்பட்டியில் ஒரு கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவார். தை மாதம் சரக்கைக் கொண்டு போய்ப் போட்டுக் கணக்கு முடிப்பார். பத்திரம் கிடையாது, கைநாட்டுக் கிடையாது. 'தை இருபத்தெட்டுக்கு வாரேன்' என்றால் அதுதான் பத்திரம். ஒரு வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியே பொய்த்துப் போயின. முளைத்தது காய்ந்தது, காயாததை ஆடு தின்றது. தை இருபத்தெட்டு வந்தது. வீட்டில் எல்லோரும், 'கையில ஒண்ணுமில்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீரு?' என்று கேட்டிருக்கிறார்கள். அவர் துண்டில் கொஞ்சம் மிதுக்கு வத்தலை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். மழை இல்லாத வருடத்திலும் கரிசல் நமக்குக் கொடுக்கிற காய் மிதுக்குத்தானே.

கடையில் போய் நின்று, "அண்ணாச்சி, இன்னைக்குத் தேதி. கையில ஒண்ணுமில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாராம்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீரு?"

"தேதிக்குப் பணத்தோட வாரேன்னு சொன்னேன். அதுல பணத்த மழை கொண்டு போயிட்டு. தேதிய நான் கொண்டாந்துட்டேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். துண்டை வாங்கி வத்தலை எடுத்து உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த வருடத்து விதைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டாராம். நான் பிற்காலத்தில் வேறொரு கமிஷன் கடையில் முப்பது வருடம் சிட்டையும் பேரேடும் எழுதினேன். அந்த முப்பது வருடமும் பற்று வரவு பார்த்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தாத்தாவின் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும். இன்று பேசப்போவதும் அதைத்தான்.

இந்த ஊர்ப் பெயரிலேயே பசு இருக்கிறது. பசு வந்து வணங்கிய தலம் என்றுதானே கைலாசநாதர் கோயிலுக்குக் கதை சொல்கிறோம். பசு என்றதும் இன்னொரு கதையும் நினைவுக்கு வரும். புலியிடம் அகப்பட்ட பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய், சொன்னபடி திரும்பி வந்த கதை. கன்னட நாட்டில் அந்தப் பசுவுக்குப் புண்ணியகோடி என்று பெயர். கேட்டவர்கள் எல்லோரும் பசுவைத்தான் புகழ்வார்கள். கமிஷன் கடையில் கணக்கு எழுதியவன் புத்தி வேறு மாதிரி போகும். எனக்கு அந்தப் புலியின் மேல்தான் கண். ஈடு இல்லை, ஜாமீன் இல்லை, பசித்த வயிறு; வாய்க்கு வந்த இரையை ஒரு பேச்சை நம்பி விட்டுக் கொடுத்ததே! கடன் கொடுத்தவன் நிலைமை அதுதான். நேரம் ஆக ஆக அந்தப் புலி என்ன நினைத்திருக்கும் என்று கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. வாக்குக் கொடுக்கிறவர்களும் அந்த வரியைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

நானும் படிக்காதவன்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வத்தல் மூடை போட்ட ஒரு மதினிக்கு வெள்ளிக்கிழமை கணக்குப் பார்த்துப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தார்கள். வேலை நெருக்கடியில் சிட்டையைப் பிரிக்கவே இல்லை. 'நாளைக்கு வாங்க மதினி' என்றேன். மறுநாள் வந்தார்கள். முதலாளி வெளியூர். 'திங்கக்கிழமை வாங்க.' திங்கட்கிழமை வந்து பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ரெண்டு நா பஸ் காசும் ரெண்டு நா களையெடுப்புக் கூலியும் நீங்க எடுத்துக்கிட்டீகளே, அதச் சிட்டையில எழுதலியா?" என்று கேட்டார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, கணக்குத்தான் கேட்டார்கள். 'நாளைக்கு வாங்க' என்று சொல்கிறவனுக்கு அதில் செலவே கிடையாது. கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அன்றைக்கு எனக்கு உறைத்த மாதிரி முதலாளி திட்டி ஒருநாளும் உறைத்ததில்லை.

நம் பக்கத்தில் ஒருவரை மெச்சவேண்டுமானால் 'நாணயமான ஆளு' என்போம். செல்லுகிற காசுக்கும் நேர்மையான ஆளுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். காசைக் கையில் வாங்கியதும் சுண்டிப் பார்ப்பார்கள் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள். ஆளைச் சுண்டிப் பார்ப்பது எப்படி? தேதி தவறினால் போதுமா? இந்த மண்ணில் அது போதாது. ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் தண்ணீர் திறக்கிற தேதியாவது ஒன்று இருக்கும். நமக்கு வானம்தான் முதலாளி. அவர் எந்தத் தவணையும் எழுதிக் கொடுப்பதில்லை. அதனால் கரிசலில் தேதி தவறாத சம்சாரி ஒருவரும் இருக்க முடியாது. தவறும். தவறியபின் அவர் எந்தத் தெரு வழியாகப் போகிறார் என்று பார்ப்பார்கள். பாக்கி வைத்தவர் கடைத்தெருவை விட்டுக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தால் கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். பணம் வராதது பெரிய கவலை இல்லை. ஆள் வராததுதான் கவலை.

இப்போது கண்மாய்க்கரை செல்போனுக்குள் வந்துவிட்டது. அழைப்பு மணி அடிக்கும், எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் இராது. 'போட்டுட்டேன், சர்வர் பிரச்சினை, வந்துரும்' என்பார்கள். பழைய பொய்க்கு மாட்டுவண்டி அச்சு முறியும். இன்றைய பொய்க்கு சர்வர் முறிகிறது.

கொஞ்சம் பருத்திப் பக்கம் போவோம். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவருக்குக் கொடுக்கிற வாக்கு ஒரு ரகம். கண்ணால் காணாத ஒருவருக்குச் சரக்கு கொடுக்கிற வாக்கு இன்னொரு ரகம். நம் கரிசல் பருத்திக்குக் கடல் கடந்த சந்தையில் 'தின்னவேலி' என்று பெயர் இருந்தது. ஜில்லாவின் பெயரே சரக்கின் பெயர். தூத்துக்குடியில் கப்பலேறும் பொதியில் அந்தப் பெயர் இருந்தால், வாங்குகிற ஆலைக்காரர் இழை இன்ன நீளம், இன்ன தரம் என்று நம்பித்தான் வாங்குவார். இங்கே விளைந்த நல்ல ரகம் கருங்கண்ணி. கோவில்பட்டியில் 1901-இலேயே ஆராய்ச்சிப் பண்ணை வைத்துப் பருத்தியைச் சீர்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கருங்கண்ணிக்குள் ஒரு கள்ளன் புகுந்தான். புளிச்சைப் பருத்தி. இழை குட்டை, முரடு. ஆனால் அரைவை ஆலையில் போட்டால் கொட்டை குறைவாகவும் பஞ்சு கூடுதலாகவும் விழும். எடையில் லாபம். கருங்கண்ணியோடு கலந்துவிட்டால் மூடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நூற்கிற இடத்தில்தான் தெரியும், இழை அறுகிறபோது. அதற்குள் மூடையை விற்றவர் வேறு வருடத்துக் கணக்கில் இருப்பார். ஒருவர் கலந்தால் அவருக்கு லாபம். எல்லோரும் கலந்தால் 'தின்னவேலி' என்ற பெயரே விலை இறங்கும், கலக்காதவரின் சரக்கும் சேர்ந்து இறங்கும். கடைசியில் சர்க்கார் உள்ளே வந்தது. வெளி வட்டாரத்து மட்டப் பருத்தியை நல்ல பருத்தி விளையும் வட்டாரத்துக்குள் கொண்டுவந்து கலப்பதைத் தடுக்க 1923-இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம். புளிச்சையைப் பயிரிடுவதையும் கலப்பதையும் தடுக்க 1932-இல் சென்னை மாகாணத்தில் தனியாகப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் ஆலைக்கு வேண்டித்தான் இந்தச் சட்டம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் புளிச்சையைக் கலந்த கை லங்காஷயர்க்காரன் கை அல்லவே.

இதே வட்டாரம்தான் இன்று தீப்பெட்டி செய்கிறது. 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாய் ஆயிற்று. பதினாலு வருடம் கழித்து ஏறிய விலை. 36 குச்சி இருந்த இடத்தில் 50 குச்சி என்றார்கள். தீப்பெட்டி வாங்கிக் குச்சியை எண்ணிப் பார்த்த ஒரு ஆளை இங்கே காட்டுங்கள் பார்ப்போம். யாரும் எண்ணுவதில்லை. எண்ணமாட்டார்கள் என்று தெரிந்தும் எண்ணிக்கையைச் சரியாகப் போடுகிற ஆலைக்காரரை நான் மதிக்கிறேன். 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு எல்லோரும் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். அது பரிசு என்று நினைத்தவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் அது ஒரு கடன் பத்திரம். இன்ன வட்டாரத்துச் சரக்கு, இன்ன பக்குவம் என்று முகம் தெரியாத ஆளுக்கு ஊரே சேர்ந்து எழுதிக் கொடுத்தது. ஒருவர் வெல்லத்தில் கைவைத்தாலும் பெயர் கெடுவது ஊருக்கு. புளிச்சைக் கதை மறுபடி ஒருமுறை நமக்கு வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே சிறு தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி சொல்லும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. அந்தப் பாக்கியைத் தவணைக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்றும் அண்மையில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பெரிய கடைக்காரர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் அவரிடமே ஆர்டர் கேட்டு நிற்க வேண்டிய சின்ன ஆள் எத்தனை பேர் அந்தப் படியேறுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்றதும் ஒரு தேதிப் பொருத்தம். வாய்ப்பேச்சாகச் செய்த உடன்படிக்கையும் உடன்படிக்கைதான் என்று ஏற்றுக்கொள்கிற இந்திய ஒப்பந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1872 செப்டம்பர் 1. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், நம் தாலுகாவின் தலைநகரான ஓட்டப்பிடாரத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை பின்னாளில் வக்கீல் ஆயிற்று, வியாபாரமும் செய்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை.

செக்கிழுத்த செம்மல் என்றே அவரைச் சொல்லிச் சொல்லி, அவர் ஒரு கம்பெனி நடத்தியவர் என்பதை மறந்துவிட்டோம். 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸிடம் வாடகைக்கு எடுத்துத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார்கள். கப்பல் கம்பெனி விற்கிற சரக்கே தேதிதான் என்பதைக் கவனியுங்கள். இன்ன நாள் புறப்படும் என்று சொல்லித்தான் ஆளுக்கும் சரக்குக்கும் காசு வாங்குகிறார்கள். அந்த நிலையில், எதிரியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி நெருக்கியதும் வாடகைக்கு விட்டவர் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வ.உ.சி.க்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. வ.உ.சி. பயணிகளுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே நிற்கிறது!

'எனக்கு அவர் கொடுக்கவில்லை, அதனால் உங்களுக்கு நான் கொடுக்கவில்லை' என்பது கடைத்தெருவில் தினமும் ஓடுகிற வசனம். அவர் அந்த வசனத்தைப் பேசவில்லை. கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தாமல் வைத்தார். பிறகு, வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிர்விடுவேன் என்ற பொருளில் ஒரு சூளுரையைச் சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் போனார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். 1907-இல் காலியா வந்தது, லாவோவும் வந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, ஏறுகிறவர்களுக்குக் குடைகூடக் கொடுத்துப் பார்த்தது. கடைசியில் கம்பெனியை முடக்கியது வியாபாரப் போட்டி மட்டுமல்ல. 1908 மார்ச்சில் அவரைச் சிறைப்பிடித்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது இல்லை, வருமானம் இல்லை. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்தார். அந்தக் காலத்தில்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியின் கையில் இருந்தது. 1915-இல் காந்தி சென்னை வந்தபோது தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1916 தொடக்கம் வரை நீண்டது. முடிவில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தத் தொகையையே பெயரில் வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்; வாங்கிப் படியுங்கள். காந்தி பொதுப்பணத்தில் ஒரு காசுக்கும் கணக்கு வைக்கிறவர். அவர் பணத்தைத் தன்னதாக ஆக்கிக்கொண்டார் என்று நான் சொல்லவரவில்லை. கேட்கிறவர்கள் தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எத்தனையோ பெரிய காரியங்களுக்கு நடுவில் அவருக்கு அது ஒரு சின்னப் பைசல். இந்தப் பக்கம் காத்திருந்தவர் வீட்டில் அது அரிசி. எனக்கு என்னவோ வத்தல் மூடை மதினியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். திருப்பிக் கொடுக்க முடியாத கடனை அவர் எழுதி வைத்த விதம் அது.

பங்கு வாங்கியவர்களுக்கு அவரால் லாபம் கொடுக்க முடியவில்லை. தேதி தவறிய கணக்குத்தான் அவருடையதும். அதைச் சொல்லாமல் அவரை உதாரணம் காட்டினால் நான் புளிச்சை கலக்கிறேன் என்று ஆகும். ஆனால் அவர் கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தார். அதற்குமுன் எழுதிய உயிலில் மனைவி மக்களுக்கு என்ன வழி என்று எழுதுகிறார். அதோடு, தான் கொடுக்க வேண்டிய பாக்கியையும் எழுதுகிறார். ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, சில்லறைக் கடன் இவ்வளவு. கடலில் கப்பல் விட்டவர் எண்ணெய்க் கடைப் பாக்கியைக் கணக்கில் கொண்டுவருகிறார். அவர் போனபின் அந்தக் கடைக்காரர் வந்து கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நாடு முழுக்கத் தெரிந்த மனுஷர். கேட்க வாய் வராது. கேட்காமல் விட்டுவிடுவார் என்று தெரிந்ததனால்தான் எழுதினாரோ என்னவோ. பேரேடு எழுதிப் பழகிய என் கண்ணுக்கு அந்த உயில், தேதிக்கு வந்து கடை வாசலில் நிற்கிற ஒரு ஆளாகத்தான் தெரிகிறது.

இன்னும் பேசலாம். ஆனால் கூட்டத்துக்கு வருகிற வழியில் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டேன். சில்லறை இல்லை. ஜிபே அடித்துப் பார்த்தேன், சிக்னல் கிடைக்கவில்லை. 'போகும்போது தாங்க சார்' என்று சொல்லிவிட்டார் அந்தத் தம்பி. கோவில்பட்டிக்கு என் பஸ் எட்டரைக்கு. அவர் கடை பூட்டுவது எட்டேகாலுக்காம். விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். மணி இப்போது எட்டு. வருகிறேன்.